இறந்த மாட்டின் தோலை ஆவாரம்பட்டையில் பதனிடுவது: உப்பு முதல் எண்ணெய் வரை

மாட்டுப்பட்டி எழுதியது:
பண்ணையில் நாட்டு மாடு இறந்தால் தோலைப் புதைக்காமல் ஆவாரம்பட்டையில் பதனிட்டு பெல்ட், செருப்பு, வார் என்று பயன்படுத்தலாம் என்கிறார்கள். குரோமியம் உப்பில் பதனிடும் முறை வேண்டாம். டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) இருக்கும் சுழல் டிரம் கிடையாது. 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் நான்கும் கிணற்றுத் தண்ணீரும் உண்டு. பச்சைத்தோல் 12 கிலோ என்று வைத்துக்கொண்டு எது எவ்வளவு, எத்தனை நாள், எங்கே கெடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உப்புத் தடவி வெயிலில் காயவைத்தால் போதுமா என்பதும் தெரியவேண்டும்.

சுண்ணாம்புக்குழி எழுதியது:
முதலில் மாடு எப்படி இறந்தது என்று பாருங்கள். முந்தின நாள் வரை நன்றாக இருந்து திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வடிந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். கத்தி வைக்கவே கூடாது. அந்தக் கிருமியின் வித்துகள் உப்பிலும் சாகாது, சுண்ணாம்பிலும் சாகாது, உரிப்பவருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சொல்லும் வரை உடலை நகர்த்தவும் வேண்டாம். முதிர்ச்சி, கால் முறிவு, கன்று ஈனும்போது வந்த சிக்கல் போன்றவற்றால் இறந்தது என்று உறுதியானால் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்தது நேரம். நம் ஊர் வெயிலில் உரித்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள் உப்பு தோலில் ஏறியிருக்க வேண்டும். பச்சைத்தோலில் அறுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். சூடு ஆறாத தோலைச் சுருட்டிப் போட்டால் நடுவில் அப்போதே அழுகல் தொடங்கிவிடும். மயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிட்டதா, கிரெயின் (மயிர் முளைத்திருக்கும் மேல்முகம்) போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எந்தப் பட்டையும் அதைத் திருப்பித் தராது.

சாணம், ரத்தம் எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவி, அரை மணி நேரம் கம்பத்தில் போட்டு நீர் வடியவிடுங்கள். பிறகு சாய்வான தரையில் அல்லது பலகையில் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, 12 கிலோவுக்கு 5 முதல் 6 கிலோ கல்லுப்பு போடுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமன் சரி. தூளுப்பு பட்ட இடத்தில் கட்டியாகிப் பக்கத்து இடத்தை வெறுமையாக விட்டுவிடும், பெரிய கல் கரையவே நேரமாகும். கழுத்து, வால் அடி, கால் மடிப்பு, ஓரம் ஆகிய நான்கு இடங்களில் கையால் அழுத்தித் தேய்க்கவேண்டும். அழுகல் முதலில் பிடிப்பது அங்கேதான். மறுநாள் வடிந்த நீரை வெளியேற்றி, ஈரமான உப்பை உதறிவிட்டுப் புதிதாக 2 கிலோ போடுங்கள். ஒரு வாரத்தில் தோல் விறைத்து, மடித்தால் மடிப்பு நிற்கும் பதத்துக்கு வரும்.

போன தோலில் பயன்படுத்திய உப்பை மறுபடி போடாதீர்கள். சதைப்பக்கத்தில் இளஞ்சிவப்புத் திட்டு வருவது அதிலிருந்துதான். உப்பிலேயே வாழும் நுண்ணுயிர் அது. கிலோ உப்புக்கு 20 கிராம் சோடா சாம்பல் கலந்தால் பெரும்பாலும் தடுக்கலாம். துருப்பிடித்த தகடு, ஆணி எதுவும் உப்புத்தோலில் படக்கூடாது. இரும்பு பட்ட இடம் பட்டைநீரில் இறங்கியதும் நீலக்கறுப்பாகத் தெரியும்.

வார்க்கத்தி எழுதியது:
உரிப்பதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தாடையிலிருந்து ஆசனவாய் வரை வயிற்றின் நடுவில் ஒரே நேர்க்கீறல், கால்களுக்கு உள்பக்கமாக ஒரு கீறல். அதற்குமேல் கத்தியைக் குறைத்து, முஷ்டியால் தோலுக்கும் சதைக்கும் நடுவே அழுத்திப் பிரிக்கவேண்டும். கத்தி வழுக்கி விழும் கீறல் சதைப்பக்கம்தானே என்று விடுவார்கள். 3 மில்லிமீட்டர் தோலில் 1 மில்லிமீட்டர் ஆழக் கீறல் இருந்தால் பெல்ட் அந்த இடத்தில்தான் அறும். ஓட்டை என்றால் கண்ணில் படும், சுற்றி வெட்டலாம். அரைக்கீறல் கையில் வந்த பிறகுதான் தெரியும்.

மாட்டுப்பட்டி எழுதியது:
நன்றி அண்ணா. வெயிலில் காயவைப்பது?

சுண்ணாம்புக்குழி எழுதியது:
வேண்டாம் தம்பி. நேர் வெயிலில் மேல்தோல் ஒரே நாளில் தகடாகிவிடும். அதன் பிறகு உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. நடு அடுக்கு மட்டும் அழுகும். வெளியே பார்த்தால் கல்போல நல்ல தோல். சுண்ணாம்பில் போட்ட மூன்றாம் நாள் கொப்புளம் கிளம்பி, இரண்டு தாள் ஒட்டியதுபோல அடுக்காகப் பிரிந்து வரும். 12 கிலோ தோலும் அத்துடன் போச்சு. உலர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் நிழலில், காற்று இருபக்கமும் போகும்படி, கம்புக்கும் கம்புக்கும் இழுத்துக் கட்டி உலர்த்துங்கள். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம், உப்புதான்.

இனி ஊறல், சுண்ணாம்பு. உப்பை உதறி, முதுகெலும்பு வழியே இரண்டு பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். பேரலில் புரட்ட வசதி. முதல் தண்ணீர் ஒன்றிரண்டு மணி நேரம். கொட்டிவிட்டு 50 லிட்டர் புதுத் தண்ணீரில் ஒரு ராத்திரி. தடித்த பிட்டப் பக்கத்தில் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் மஞ்சளாக, கொம்புபோல விறைத்த கோடு இருந்தால் இன்னும் ஊறவில்லை. ஊறாத இடத்தில் சுண்ணாம்பும் போகாது, பட்டையும் போகாது.

சுண்ணாம்புக்கு 60 லிட்டர் தண்ணீர், நீற்றிய சுண்ணாம்பு ஒன்றேகால் கிலோ. லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகத்தான் சுண்ணாம்பு கரையும். மீதி அடியில் தங்கி, தோல் இழுக்க இழுக்கக் கரைந்து வரும். கொஞ்சம் கூடிப்போனாலும் தோல் வேகாமல் இருப்பது இதனால்தான். காஸ்டிக் சோடா அப்படியில்லை, அதைத் தொடவேண்டாம். தினம் காலை, மாலை இரண்டு பாதியையும் வெளியே தூக்கி, அடியைக் கலக்கி, மறுபடி அமிழ்த்துங்கள். நீருக்கு வெளியே ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் காற்றுப் பட்டு அந்த இடத்தில் சொரசொரப்பாகப் படியும். பிறகு எந்தச் சாயமும் சீராகப் பிடிக்காது. 7 முதல் 10 நாளில் மயிர் கட்டைவிரலில் தள்ளினால் வரும்.

பட்டறைக்காரன் எழுதியது:
சோடியம் சல்பைடு 200 கிராம் சேர்த்தால் மூன்று நான்கு நாளில் முடியுமே, ஏன் பத்து நாள்?

சுண்ணாம்புக்குழி எழுதியது:
முடியும். டேனரியில் அப்படித்தான். வீட்டுப் பேரலுக்கு நான் சொல்லமாட்டேன். சல்பைடு இருக்கும் நீரில் அமிலமோ, சுண்ணாம்பு நீக்கும் அமோனியம் உப்போ பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் சாய்ந்துவிடுவார். டேனரிக் கழிவுத் தொட்டிகளில் இறங்கியவர்கள் இறந்திருப்பது இந்த வாயுவால்தான். ஒரு தோலுக்காக ஆறு நாளை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. அவசரம் என்றால் வேறு வழி: ஏற்கெனவே ஒரு தோல் ஊறிய பழைய சுண்ணாம்பு நீரில் முதலில் போடுங்கள். பழைய நீர் மயிரைச் சீக்கிரம் தளர்த்தும், புது நீர் தோலை உப்பவைக்கும். இரண்டும் வேண்டும், அந்த வரிசையில்.

மயிர் வழிக்க மழுங்கிய வளைகத்தி. சதைப்பக்கச் சவ்வு, கொழுப்பு எடுக்கக் கூரான இரட்டைக்கைப்பிடிக் கத்தி. வழவழப்பான உருளைக் கட்டையின் மேல் போட்டு வழியுங்கள். கட்டையில் ஒரு சிலும்பு இருந்தால் தோலில் ஓட்டை. கொழுப்பு மீதமிருக்கும் இடத்தில் பட்டைநீர் இறங்காது.

பறைக்கட்டு எழுதியது:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பறைக்குத் தோல் வேண்டும் என்றால் இந்த இடத்திலேயே வழி பிரிந்துவிடும். பட்டை கிடையாது. அது மட்டுமில்லை, பத்து நாள் சுண்ணாம்பும் கூடாது. நார் பிரிந்து தளர்ந்த தோல் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் மத்துமத்தென்றுதான் பேசும். மயிர் தளர்ந்த உடனே எடுத்து, சுண்ணாம்பு போகப் பலமுறை அலசி, ஈரத்தோடு சட்டத்தில் இழுத்துப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி நிழலில் உலர்த்தவேண்டும். கன்றுத்தோல் என்றால் இன்னும் நல்லது. உப்பிட்ட தோலைப் பறைக்கு எடுத்தால் அலசலில் கருமித்தனம் ஆகாது. உள்ளே தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; அந்தப் பறையை எத்தனை தடவை நெருப்பில் காய்ச்சினாலும் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். மிருதங்கத்துக்கும் பதனிடாத தோல்தான். மாடு, ஆடு, எருமை மூன்றும் அதில் உண்டு.

ஆவாரம்பட்டை எழுதியது:
பட்டைக்கு முன் சுண்ணாம்பை நீக்கவேண்டும். வழித்த தோல் 10 கிலோ நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று தண்ணீர் அலசிவிட்டு, 30 லிட்டரில் 150 கிராம் அமோனியம் சல்பேட் (உரக்கடையில் கிடைப்பதே போதும்) போட்டு இரண்டு மணி நேரம் புரட்டுங்கள். ஓரம் சீவி வெட்டுமுகத்தில் பினால்ப்தலீன் (காரம் பட்டால் சிவக்கும் சோதனைத் திரவம்) ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நடுவில் நூல்போல ஒரு கோடு இருந்தால் பெல்ட்டுக்குப் பரவாயில்லை. முழுதும் சிவந்தால் இன்னும் ஒரு மணி நேரம். சுண்ணாம்போடு பட்டைநீரில் இறக்கிய தோல் கறுத்து, மடித்தால் கிரெயின் விண்டுவிடும்.

ரசாயனமே வேண்டாம் என்பவர்களுக்குக் கோதுமைத் தவிடு. ஒரு கிலோ தவிட்டை 40 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் புளிக்கவைத்துத் தோலைப் போட்டால் ஒன்றிரண்டு நாளில் புளிப்பே சுண்ணாம்பை எடுத்துவிடும். வாயு சேர்ந்து தோல் மிதக்கத் தொடங்கியதும் உடனே எடுக்கவேண்டும். தூங்கிவிட்டால் கிரெயினில் ஊசிக்குத்துபோலப் புள்ளி விழும்.

இப்போது பட்டை. ஆவாரம்பட்டையில் டானின் (தோலைப் பதமாக்கும் துவர்ப்புப் பொருள்) ஏறக்குறைய 18 சதவீதம். 10 கிலோ தோலுக்கு இரண்டரை முதல் 3 கிலோ டானின் தேவை. முழுதும் இறங்காது என்பதால் கணக்குக்கு 20 கிலோ பட்டை வாங்குங்கள். ஆவாரம் கிடைக்காவிட்டால் கருவேலம்பட்டை, அதில் டானின் குறைவு, கூடுதலாக வேண்டும். வாட்டில் பட்டையில் ஆவாரத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு உண்டு, அளவைப் பாதியாக்குங்கள். விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, கை பொறுக்காத சூட்டு நீரில் ஊறப்போட்டு வடியுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம், நீர் கறுத்துவிடும். அதே பட்டையில் இரண்டாவது, மூன்றாவது தண்ணீரும் எடுங்கள். மூன்றாம் தண்ணீர்தான் தோலுக்கு முதல் குளியல்.

இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: மெல்லிய நீரிலிருந்துதான் தொடங்கவேண்டும். கெட்டியான நீரில் இறக்கினால் மேல்தளம் உடனே இறுகி, டானினுக்கு உள்ளே போகும் வழி அடைபடும். கிரெயின் சுருங்கி வால்நட் ஓடுபோல ஆகும். ஒரு மாதம் கழித்து வெட்டினாலும் நடுவில் பச்சைத்தோல் இருக்கும்.

பட்டைநீரின் கெட்டியை அளக்கப் பார்க்கோமீட்டர் என்ற கருவி இருந்தால் அது. இல்லையென்றால் 1.000 முதல் 1.100 வரை காட்டும் சாதாரண ஹைட்ரோமீட்டர், 1.010 என்றால் 10 டிகிரி, 1.030 என்றால் 30. முதல் மூன்று நாள் 8 டிகிரி. அதில் முதல் நாள் மணிக்கு ஒருமுறை புரட்டல், தவறினால் மடிப்பு விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். நான்காம் நாளிலிருந்து 12, 15 என்று ஏற்றி, இரண்டாம் வாரம் 20. மூன்றாம் வாரத்திலிருந்து 30 முதல் 35. நாட்டு மாட்டுத்தோலுக்கு மொத்தம் மூன்றரை, நான்கு வாரம் ஆகும். முதல் நீரின் பிஎச் 5 அல்லது ஐந்தரை, கடைசியில் 4 பக்கம் இருக்கட்டும். 6க்கு மேல் போனால் நிறம் கறுக்கும். புளித்த பழைய பட்டைநீர் கொஞ்சம் சேர்த்தால் இறங்கும். கிணற்று நீர் உப்பும் கடினமும் கூடியதென்றால் இந்தக் கட்டத்துக்கு மட்டுமாவது மழைநீர் பிடித்துவையுங்கள்.

இரும்பு வாளி கூடாது, சிமென்ட் தொட்டி கூடாது. உங்கள் பிளாஸ்டிக் பேரலே சரி.

பட்டறைக்காரன் எழுதியது:
உள்ளே முழுதும் பதமாகிவிட்டதா என்று கண்ணால் சொல்லமுடியுமா?

ஆவாரம்பட்டை எழுதியது:
கழுத்திலும் பிட்டத்திலும் தடித்த இடமாகப் பார்த்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் சீவுங்கள். அறுத்துப் பார்த்தால் நார் கலைந்து ஏமாற்றும். பதமாகாத தோலின் வெட்டுமுகத்தில் மேலே பழுப்பு, கீழே பழுப்பு, நடுவில் சுரைக்காய்ச் சதைபோல வெளிறிய கோடு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சீவலை அசெட்டிக் அமிலம் ஒரு பங்கும் தண்ணீர் இரு பங்கும் கலந்த நீரில் பத்து நிமிடம் போடுங்கள். பதமாகாத நடுப்பகுதி ஜவ்வரிசிபோல உப்பிக் கண்ணாடியாகத் தெரியும். பதமானது அப்படியே இருக்கும்.

அதன் பிறகு கடுக்காய். ஒன்று முதல் ஒன்றரை கிலோ கடுக்காயை இடித்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அதில் இரண்டு மூன்று நாள். சிலர் இதைத் தேவையில்லாத சடங்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆவாரத்தில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துகொண்டே போகும். கடுக்காய் அந்தச் சிவப்பைத் தடுத்து வெளிர் மஞ்சள் நிறத்தை நிறுத்தும். வெளிநாட்டுக்கு ஈஸ்ட் இந்தியா லெதர் என்று பெயர் பெற்றுப் போன நம் தோலின் நிறத்துக்குக் கடைசியில் கொடுத்த இந்தக் கடுக்காய்தான் காரணம்.

அலசி, ஒரு ராத்திரி கட்டையில் போட்டு நீர் வடித்து, ஈரம் பாதி இருக்கும்போதே கிரெயின் பக்கம் எண்ணெய் தடவுங்கள். புங்கெண்ணெயோ நல்லெண்ணெயோ 300 மில்லி போதும். நீர் வெளியேறும்போது எண்ணெய் அந்த இடத்துக்குப் போகும். முழுக்கக் காய்ந்த தோலில் தடவினால் மேலேயே திட்டாக நிற்கும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து பிசினாகும், வேண்டாம். உலர்த்துவது நிழலில். வெயிலில் போட்டால் ஒட்டாமல் இருக்கும் டானின் மேலே ஏறிக் கறுத்து, மடித்த இடத்தில் வெடிக்கும்.

மாட்டுப்பட்டி எழுதியது:
நீலக்கறுப்புத் திட்டு வந்துவிட்டால் எடுக்கமுடியுமா?

ஆவாரம்பட்டை எழுதியது:
ஆக்சாலிக் அமிலம் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் கரைத்து, கையுறை போட்டு, திட்டில் மட்டும் துடைத்து உடனே அலசுங்கள். இரும்புக்கறை என்றால் கண்முன்னே வெளுக்கும். நச்சுப்பொருள், சமையலறைப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். வெளுக்கவில்லை என்றால் அது சுண்ணாம்பு மிச்சம் அல்லது அழுகல், அதற்கு மருந்தில்லை.

வார்க்கத்தி எழுதியது:
தோல் கைக்கு வந்ததும் முழுதும் ஒரே மாதிரி என்று நினைத்து வெட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து முதலில் குறைகளைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். உண்ணிக் கடி ஊசிமுனைக் குழியாக, தார்க்குச்சி குத்து பிட்டத்தில் தழும்பாக, நுகத்தடி தேய்ந்த இடம் கழுத்தில் பளபளப்பான தடிப்பாகத் தெரியும். தோல் கழலை நோய் வந்த மாடென்றால் காசளவு வட்டங்கள் குழிந்து நிற்கும், அந்த இடத்தில் வலுவும் இருக்காது.

முதுகெலும்பின் இருபக்கமும் ஓடும் பட்டைதான் நார் நெருக்கமான இடம். பெல்ட், வார் எல்லாம் அங்கிருந்து, முதுகெலும்புக்கு இணையாக. குறுக்கே வெட்டிய பெல்ட் இரண்டு மாதத்தில் இரண்டு துளை நீளும். வயிற்றுப் பக்கம் ரப்பர்போல இழுபடும், அதை உள்ளுறைக்கும் பைக்குள் வைக்கும் தடுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். திமில் பக்கம் தட்டையாகவே படுக்காது. சிறு பர்ஸ், சாவிக்கொத்துக்குத் துண்டாக எடுக்கலாம். பெல்ட்டுக்கு மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் வேண்டும்; நாட்டு மாட்டுத்தோல் பெரும்பாலும் அதைவிட மெல்லியது, இரண்டு பட்டையைச் சதைப்பக்கம் சேர்த்து ஒட்டித் தையுங்கள். செருப்பு அடித்தளத்துக்கும் அதே கதைதான், எருமைத்தோல் அங்கே மேல். மேலே வரும் வாருக்கு மாட்டுத்தோல் நன்றாக உழைக்கும். மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்புரிச் செருப்பு கருவேலம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலில்தான் செய்யப்படுகிறது. அங்கே தோலையே பையாகத் தைத்துத் தொங்கவிட்டுப் பட்டைநீரை உள்ளே ஊற்றும் முறை உண்டு. பேரல் போதாவிட்டால் யோசிக்கலாம்.

நனைந்த செருப்பை அடுப்பருகே வைக்கவே வேண்டாம். பட்டைத்தோல் 75, 80 டிகிரிச் சூட்டில் சுருங்கிக் கட்டையாகிவிடும், திரும்ப நீளாது. குரோம் தோல்தான் கொதிநீரைத் தாங்கும்.

மாட்டுப்பட்டி எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. வழித்த சவ்வு, ஓரத்துண்டு, சுண்ணாம்புத் தண்ணீர் இதையெல்லாம் என்ன செய்வது?

சுண்ணாம்புக்குழி எழுதியது:
பட்டைக்கு முந்தைய ஓரத்துண்டுகளை நன்றாக அலசி, மிதமான சூட்டில் கொதிக்கவிடாமல் பல மணி நேரம் காய்ச்சி வடித்து உலர்த்தினால் வச்சிரம் என்ற பசை. தச்சர்கள் வாங்குவார்கள். பட்டையிட்ட துண்டு வச்சிரத்துக்கு உதவாது, அதில் ஜெலட்டின் இறங்காது. சக்கைப் பட்டை மூட்டாக்குக்குப் போகும். சுண்ணாம்பு நீரைத் தெளியவிட்டு அடுத்த தோலுக்கு வையுங்கள், அடிக்கசண்டை உலர்த்திக் குழியில் போடுங்கள்.

உப்புத் தண்ணீரைத்தான் கவனிக்கவேண்டும். ஒரு தோலுக்கே கிலோக்கணக்கில் உப்பு போகிறது. தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத பாத்தியில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, உப்பைச் சுரண்டிச் சாக்கில் கட்டிவையுங்கள். வயலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றினால் அந்த மண் பிறகு பயிருக்கு ஆகாது. பாலாற்றங்கரையில் நடந்தது அதுதான். 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது டேனரிக் கழிவுநீருக்காக. நாள் கணக்கில் ஊறல் தண்ணீரை மாற்றும்போதும் அதே பாத்திதான், கால்வாய் அல்ல.